கதைநூலும் ஒளிநாடாவும்: முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு நோக்கு

தமிழ்ப் புதினங்களின் வரலாற்றை எழுதுவோர், ஒரு நூல் எவ்விதழில் தொடர்கதையாக வந்தது, எப்பொழுது நூலுருப் பெற்றது, எத்துணைப் பதிப்புகள் கண்டது என்பனவற்றை ஆராய்ந்து அமைவர். அப்புதினம் பிற்காலத்தே தொலைக்காட்சித் தொடராயிற்று எனின், அச்செய்தி ஒரு வரியில் அடங்கிவிடும். பல நூல்களில் அவ்வொரு வரியும் இராது. நூலைக் கையால் தொட்டறியாத பல்லாயிரவர்க்கு அத்தொடரே அந்நூலாய் நின்றது என்பதை நோக்குங்கால், இவ்விடுபாடு சிறியதன்று. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' தொலைக்காட்சிக்கு வந்த செய்தியை நடுவாக வைத்து, ஆங்கிலத்தில் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' பெற்ற வாழ்வோடு அதனை ஒப்பிட்டு, தொலைக்காட்சி வடிவமும் அதனை வீட்டினுள் கொணர்ந்த ஒளிநாடாவும் இலக்கிய வரலாற்றில் பெறத்தக்க இடம் யாது என ஆராய யாம் ஈண்டுப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு யாம் நின்று நோக்கும் இடம் சாகுபுரம். அது பழைய ஊரன்று. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், ஆறுமுகநேரியையும் காயல்பட்டினத்தையும் அடுத்து, உப்பளங்களின் நடுவே, 1950களின் இறுதியில் தாரங்கதாரா இரசாயனத் தொழிற்சாலை அமைந்தபொழுது உடன் எழுந்த குடியிருப்பே அஃது. ஆலையை நடத்திய சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. அக்குடும்பத்தைச் சேர்ந்த சாந்தி பிரசாத் ஜெயின் 1944இல் தோற்றுவித்ததே பாரதிய ஞானபீடம் என்பதும், அதன் பரிசு 1975ஆம் ஆண்டுக்குரியதாக அகிலனின் 'சித்திரப்பாவை' என்னும் புதினத்திற்கு வழங்கப்பட்டதே தமிழ் பெற்ற முதல் ஞானபீடப் பரிசு என்பதும் இடையே குறிக்கத்தக்கன. உப்பிலிருந்து எரிசோடா எடுக்கும் ஆலையின் பெயர்க்கும் தமிழ்ப் புதினத்திற்கும் இவ்வாறு ஓர் உறவுண்டு.

ஊர் புதிதாயினும் நிலம் பழையது. கொற்கையும் காயலும் அண்மையில் உள்ளன. தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிடுவித்த 'தம்பிரான் வணக்கம்', இம்முத்துக்குளித்துறை மக்களைக் கருதி எழுந்த நூலாகும். எழுத்து ஓலையை விட்டுத் தாளில் ஏறிய காலத்தே, அம்மாற்றத்தை முதலிற் கண்டவருள் இக்கரையினரும் ஒருவர். நானூறு ஆண்டுகள் கழித்துக் கதை தாளை விட்டுத் திரையில் ஏறியபொழுதும், இக்கரை அதனைக் கண்ட முறை தனித்தன்மை உடையதாகவே இருந்தது. அதனை முதற்கண் விரித்துரைத்தல் வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. சென்னைக்கும் இக்கரைக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. ஆகலின் அந்நிலையத்தின் அலைகள் இங்கு வந்தெய்த வழியில்லை. கடலுக்கு அப்பாலோ, 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், ஜப்பானிய நாட்டு உதவியுடன் 1982 பிப்ரவரி 15 அன்று ரூபவாகினியும் இலங்கையில் தோன்றின. ரூபவாகினியின் அலைபரப்பி பீதுருதாலகால மலையில் நிறுவப்பெற்றது. அம்மலையின் உயரம் 2,524 மீட்டர். அவ்வுயரத்திலிருந்து புறப்படும் அலை நேர்கோட்டில் செல்லக்கூடிய எல்லை ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். சாகுபுரமோ முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கணக்கின்படி இங்குப் படம் தெரியலாகாது. எனினும் தெரிந்தது. கடற்பரப்பின்மேல் வெப்பக் காற்றும் குளிர்காற்றும் அடுக்கடுக்காய் நிற்கும் நாள்களில், அலைகள் அவ்வடுக்கின் ஊடே வளைந்து நெடுந்தொலைவு செல்லும். தூத்துக்குடி தொடங்கித் திருச்செந்தூர் வரை, குழாயின்மேல் குழாய் பொருத்தி உயர்த்திய ஆன்டெனாக்கள் தென்கிழக்கு நோக்கி நின்றமைக்குக் காரணம் இதுவே. சில மாலைகளில் படம் கண்ணாடி போலத் தெளிந்தது; சில மாலைகளில் புள்ளிமழையாயிற்று. இந்தியாவும் இலங்கையும் ஒரே வகை ஒளிபரப்பு முறையைக் கைக்கொண்டிருந்தமையின் பெட்டியில் யாதொரு மாற்றமும் செய்ய வேண்டிற்றிலது. இவ்வாறு, தம் நாட்டுத் தலைநகரின் தொலைக்காட்சியைக் காணும் முன்னரே அயல்நாட்டுத் தொலைக்காட்சியைக் கண்டவர் இக்கரையோர மக்கள். தமிழகத்துத் தொலைக்காட்சி வரலாற்றைச் சென்னையிலிருந்து மட்டும் எழுதுவோர் இதனைக் காண்பதில்லை.

1983 ஆகஸ்டு 30இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டபின், 1984இல் நாடெங்கும் சிறு அஞ்சல் நிலையங்கள் விரைந்து எழுந்தன. அவற்றுள் பல, தில்லி நிகழ்ச்சிகளையே அஞ்சல் செய்தன. அவ்வாண்டு சூலை 7இல் தொடங்கிய 'ஹம் லோக்' இந்தியத் தொடர்நாடகங்களுக்கு வழிவகுத்தது. 1985இல் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' கதையே 'திருஷ்ணா' என்னும் பெயரில் இந்தித் தொடராக வந்தது. ஐந்து மகளிரைப் பெற்ற தாய் மணமகன் தேடி அலமரும் அக்கதை, நம் நாட்டில் எம்மொழியிலும் பொருந்தி அமையும் என்பது சொல்லாமே விளங்கும். தமிழ்த் திரையுலகம் அதே ஆசிரியையின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவிக் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்னும் படத்தை எடுத்தது 2000இல் ஆகும்.

இனி ஒளிநாடாவைக் குறித்துச் சிறிது கூறுவாம். மக்கள் 'வீடியோ கேசட்' என வழங்கிய அதுவும், 'டெக்' என வழங்கிய அதனை இயக்கும் கருவியும் 1975-76இல் ஜப்பானில் பிறந்தன. சோனி நிறுவனத்தின் பீட்டாமாக்ஸ் முன்னதாகவும், ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். அடுத்ததாகவும் வந்து, பின்னதே நிலைத்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் நம் நாட்டிலும் டெக்குகள் பெருகின. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியோர் உடன் கொணர்ந்த பொருள்களுள் டெக்கும் ஒன்று. சொந்தமாக வாங்க இயலாதார், கலியாண வீட்டிற்கும் பொங்கல் இரவிற்கும் டெக்கையும் வண்ணப்பெட்டியையும் வாடகைக்கு எடுத்து, தெருவில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தனர். தமிழக அரசு இத்தகைய காட்சிகளை ஒழுங்குபடுத்த 1984இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றியது. அதே ஆண்டில் நடுவண் அரசும் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி ஒளிநாடாவை அதன் வரம்பினுள் கொணர்ந்தது. சட்டம் இருமுறை தேடிவரும் அளவிற்கு அப்பழக்கம் வேரூன்றிவிட்டது என்க.

எனினும் வாடகைக் கடைகளின் தட்டில் நின்றவை திரைப்படங்களே, தொடர்கள் அல்ல. இதற்குச் சுவை வேறுபாடு காரணமன்று; அளவே காரணம் என யாம் கருதுகின்றோம். பெரும்பான்மையும் வழங்கிய நாடா மூன்று மணி நேரம் ஓடுவது. ஒரு தமிழ்ப்படம் அதனுள் அடங்கும். அரைமணிக் காட்சிகள் பதின்மூன்று கொண்ட ஒரு தொடரோ ஆறரை மணி நேரத்தை வேண்டி மூன்று நாடாக்களை விழுங்கும். ஓரிரவிற்கு வாடகை கொடுப்பவன் அதனை ஏன் எடுப்பான்? மேலும் தொடர் என்பது வாரந்தோறும் விலையின்றி வீட்டிற்கு வருவது. விலையின்றி வருவதனைப் பொருள் கொடுத்துப் பெறுவார் அரியர். ஆகவே தமிழ்த் தொடர்களின் நாடாக்கள், ஆர்வமுடைய ஒரு சிலர் தம் டெக்கில் தாமே பதிந்து வைத்தவையாகவே பெரும்பாலும் அமைந்தன. அங்ஙனம் பதிந்த நாடாவின்மேல் அடுத்த திங்களில் வேறொரு நிகழ்ச்சி பதியப்படுவதும் இயல்பே.

இந்நிலையில் வந்ததுதான் 'குறிஞ்சி மலர்'த் தொடர். நா. பார்த்தசாரதி 1932 டிசம்பர் 18இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்து நதிக்குடியில் பிறந்து, 1987 டிசம்பர் 13இல் மறைந்தவர். 'சமுதாய வீதி' என்னும் புதினத்திற்காக 1971ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர்; 'தீபம்' இதழின் ஆசிரியர். 'கல்கி' இதழில் மணிவண்ணன் என்னும் புனைபெயரில் அவர் எழுதிய 'குறிஞ்சி மலர்', தமிழாசிரியர் ஒருவரின் மகளான பூரணியையும், அச்சகத்தில் பணிபுரியும் அரவிந்தனையும் தலைமக்களாக உடையது. கதை நிகழிடம் மதுரையும் திருப்பரங்குன்றமும். கொடைக்கானலும் இடையே வரும். பன்னீராண்டிற்கு ஒருமுறை பூக்கும் மலரே பெயர்க்குப் பொருளாயிற்று. அரவிந்தன் மணமாகாமலே இறந்துபட, பூரணி தொண்டில் வாழ்வைக் கழிக்கின்றாள். காதற்கதை எனினும் கூட்டம் இல்லாக் காதற்கதை அது. புறத்தொழுக்கமாகிய பொதுத்தொண்டிற்கு அகத்தை நேர்ந்துவிட்ட கதை எனினும் அமையும்.

தனியார் அலைவரிசைகள் தமிழகத்தில் தோன்றுவதற்கு முன், அஃதாவது 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்குவதற்கு முன்னைய காலத்தில், தூரதர்சனில் இப்புதினம் தொடராக வந்தது. 2021இல் தமிழகத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு. க. ஸ்டாலின் அரவிந்தனாக அதில் நடித்தார். ஒரே அலைவரிசை இருந்த காலமாகலின், பார்ப்போர் தேர்ந்து பார்த்தனர் என்று சொல்ல இயலாது, ஆனால் பார்த்தனர். அரவிந்தன் என்றால் முகம் ஒன்று உளதாயிற்று. அதுவரை படித்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் வரைந்துகொண்ட அரவிந்தன்மார் எத்தனையோ பேர் இருந்தனர். அவர்கள் எல்லாம் பின்வாங்கினர்.

இங்கே ஒன்று கருதற்பாலது. 'குறிஞ்சி மலர்' நிகழ்ச்சியால் நடக்கும் கதையன்று. ஆசிரியர் கூற்றால் நடக்கும் கதை. அத்தியாயந்தோறும் முகப்பில் ஒரு செய்யுள் நிற்கும். மாந்தரின் எண்ணங்களை ஆசிரியர் தாமே எடுத்து விளக்கி, அறமுரைத்து, உவமை கூறிச் செல்வார். இன்றைய திறனாய்வாளர் சிலர் இதனைக் குறையென்பர். யாம் அங்ஙனம் கருதவில்லை. தமிழாசிரியராகவும் இருந்தவர் ஒருவர் பழைய உரையாசிரியர் மரபில் நின்று எழுதிய புதினம் அஃது. மூலமும் உரையும் ஒருவரே. இத்தகைய நூல் திரைக்கு வருங்கால் மூலம் வரும், உரை வாராது. முகமும் உரையாடலும் இடமும் கிடைக்கும். ஆசிரியர் குரல் கிடைக்காது. அக்குரலில் உள்ளம் பறிகொடுத்த வாசகர்க்குத் தொடர் வெறுமையாகத் தோன்றியிருத்தல் கூடும். குரலையே கேட்டறியாதவர்க்கோ அதுவே நிறைவாய் இருந்திருக்கும். இவ்விருவரும் ஒரே நூலைப் பற்றிப் பேசுகின்றனர் என்று கொள்ளல் தகுமா என்பதே வினா.

இவ்வினாவிற்கு விடை காண ஆங்கில வரலாறு துணைபுரியும். ஆஸ்டினின் நூல் 1813 சனவரி 28இல் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அதன் உரிமையை அவர் 110 பவுனுக்கு விற்றுவிட்டார். பி.பி.சி. அதனைத் தொலைக்காட்சிக்கு முதலிற் கொணர்ந்தது 1938இல். பின்னர் 1952, 1958, 1967, 1980, 1995 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு தொடர்களாக அது வந்தது. ஒரே நூலுக்குப் பல உரைகள் எழுந்தமை போன்றது இது. 1952, 1958 ஆண்டுகளின் வடிவங்கள் இன்று இல்லை. நேரடியாக நடித்து ஒளிபரப்பி விடப்பட்டவை அவை. பெயர் மட்டும் தெரிந்து நூல் மறைந்த நம் பழைய உரைகளை அவை நினைவூட்டும். 1995ஆம் ஆண்டின் வடிவமோ வேறு வாழ்வு பெற்றது. ஆண்ட்ரூ டேவிஸ் திரையுரு எழுத, சைமன் லாங்டன் இயக்க, செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 29 வரை ஆறு வாரங்கள் அது ஒளிபரப்பாயிற்று. தொடர் முடியுமுன்னரே ஒளிநாடா விற்பனைக்கு வந்தது. முதலில் அணியப்படுத்திய 12,000 படிகளும் இரண்டு மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. முதல் வாரத்தில் 70,000 படிகள் விற்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விலையின்றிக் காணக்கூடிய இறுதிக் காட்சியை, இன்றே விலைகொடுத்து வாங்கிச் செல்ல மக்கள் முந்தினர். விலையின்றி வருவதனைப் பொருள் கொடுத்துப் பெறுவார் அரியர் என யாம் மேலே கூறியது அந்நாட்டிற்குப் பொருந்தாதாயிற்று. காரணம், அவர்கள் வாங்கியது முடிவை அறிதற்கன்று. முடிவு 1813 முதலே தெரிந்ததுதான். மீண்டும் மீண்டும் காணுதற்கே வாங்கினர். நூலை அலமாரியில் வைப்பது போல நாடாவையும் வைத்தனர்.

மீண்டும் மீண்டும் காணுதலின் விளைவு ஒன்று தமிழ்ப் பதிப்பாசிரியர்க்கு மிகவும் பழக்கமானது. 1995ஆம் ஆண்டுத் தொடரில், தலைமகன் டார்சி தன் மாளிகையின் குளத்தில் மூழ்கி எழுந்து, நனைந்த சட்டையுடன் எதிர்பாராது எலிசபெத்தின் முன் வந்து நிற்பான். ஆஸ்டினின் நூலில் இக்காட்சி இல்லை. சந்திப்பு உண்டு, குளம் இல்லை. ஆனால் நாடாவை முன்னும் பின்னும் ஓட்டி அப்பகுதியையே பலகாற் கண்டோர், அதனை நூலின் உறுப்பாகவே கொண்டுவிட்டனர். 2013இல் இலண்டன் மாநகரத்துச் செர்ப்பென்டைன் ஏரியில் நீரிலிருந்து எழும் டார்சிக்குப் பன்னிரண்டு அடி உயரத்தில் உருவமும் நாட்டப்பெற்றது. ஏடு பெயர்த்தெழுதுவோன் தன் மனம் கனிந்த இடத்தில் ஒரு பாடலைச் சேர்த்துவிட, பின்வந்தோர் அதனையே ஆசிரியர் பாடலாகப் போற்றும் நிலையை நாம் இடைச்செருகல் என்போம். திரைவடிவிலும் இடைச்செருகல் உண்டு. ஒளிநாடா அதனை நிலைபெறுத்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. எனவே தொலைக்காட்சி வடிவத்தை நூலின் நிழல் என்று ஒதுக்காது, பாட வேறுபாடு எனக் கொண்டு ஆராய்வதே முறை. பாட வேறுபாடு பிழையாயினும் பதிவு செய்யத்தக்கது என்பது நம் பதிப்பு மரபு.

அங்ஙனம் ஆராய்தற்கு முதலில் பாடம் கையில் இருத்தல் வேண்டும். 'குறிஞ்சி மலர்' நூலாகப் பலமுறை அச்சேறியது. மதுரைத் திட்டத்தின் வாயிலாக இணையத்திலும் எவரும் படிக்குமாறு உள்ளது. தொடரின் நிலை அஃதன்று. ஆங்கில நாட்டில் எடுத்தவரும் ஒளிபரப்பியவரும் விற்றவரும் ஒரே நிறுவனத்தின் குடைக்கீழ் இருந்தனர். நம் நாட்டில் 1984க்குப் பின் வந்த தொடர்கள் பல, வெளியார் பொருளிட்டுத் தயாரிக்க, விளம்பரதாரர் துணையுடன் தூரதர்சன் ஒளிபரப்பியவை. ஆசிரியரின் உரிமை ஒருபாலும், தயாரித்தவர் உரிமை ஒருபாலும், ஒளிபரப்பின் உரிமை மற்றொருபாலுமாக நிற்கும் பொருளை எவர் நாடாவாக்கி விற்பார்? தூரதர்சன் ஆவணக்காப்பகம் தன் பழைய நிகழ்ச்சிகள் சிலவற்றைக் குறுவட்டுகளாக வெளியிட்டது உண்மை. அதனைப் பாராட்டுகின்றோம். ஆனால் நாட்டின் பலமொழித் தொடர்களின் தொகையை நோக்க அது சிறு கூறே.

வீட்டில் பதிந்தோர் நாடாக்கள் எஞ்சியுள்ளனவா எனின், அதற்கும் இக்கரையே விடை கூறும். ஒளிநாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர் பட்டையின்மேல் இரும்பு ஆக்சைடுத் துகளைப் பசையிட்டுப் பூசியது. ஈரமும் வெப்பமும் அப்பசையை இளக்கும், பூஞ்சை படரும், துகள் உதிரும். உப்பளக் காற்று வீசும் இவ்வூர்களில் கதவின் கீலே சில ஆண்டுகளில் துருப்பிடித்துவிடும். நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டா. சாகுபுரத்து ஆலையே கடற்கரை மணலின் தாதுவிலிருந்து இரும்பு ஆக்சைடு நிறப்பொடியை எடுக்கின்றது என்பதனை எண்ணின், துரு ஒருபால் விலைபொருளாகவும், ஒருபால் நினைவேந்தும் பொருளாகவும், ஒருபால் அந்நினைவையே அரிப்பதாகவும் இருத்தல் வியப்பே. இஃது இடைப்பிறவரல், ஆயினும் கூறாது விட மனம் வந்திலது.

ஓலைக்கும் நாடாவிற்கும் ஒரு வேற்றுமையும் உண்டு. செல்லரித்த ஓலையில் எஞ்சிய எழுத்தை, எழுத்தறிந்த எவரும் வெறுங்கண்ணால் படிக்கலாம். நாடா செம்மையாக இருப்பினும் டெக் இன்றி ஒரு நொடியும் தன்னைக் காட்டாது. வி.எச்.எஸ். டெக்குகளை இறுதியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமாகிய ஃபுனாய் 2016 சூலையில் அதனை நிறுத்திவிட்டது. பழுது நீக்குவோரும் குறைந்து வருகின்றனர். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊரூராகச் சென்ற காலத்தில் ஏடு அழிவதே அச்சமாக இருந்தது. நாடா தேடிச் செல்வார்க்கோ நாடா கிடைத்த பின்னும் அச்சம் தொடரும்.

தொடரின் தடயம் நாடாவில் மட்டும் இல்லை. 'குறிஞ்சி மலர்' படித்தோர் தம் மக்களுக்கு அரவிந்தன், பூரணி எனப் பெயரிட்டமை பலரும் அறிந்த செய்தி. ஆனால் அப்பெயர்களுள் எவை 'கல்கி' இதழின் வாசகர் இட்டவை, எவை தொலைக்காட்சியைக் கண்டோர் இட்டவை என இதுவரை பிரித்து நோக்கினார் இலர். அரவிந்தன் என்னும் பெயர் புதுவைப் பெரியார் ஒருவரை நினைந்தும் இடப்படுவது. ஆகலின் அது தனியே சான்றாகாது. ஒரு குடும்பத்தில் அண்ணன் அரவிந்தனும் தங்கை பூரணியுமாக இருப்பின் ஐயம் பெரிதும் நீங்கும். காதலரின் பெயர்களை உடன்பிறந்தார்க்கு இட்டமை நகைப்பிற்கு இடமாயினும், நூலின்பால் கொண்ட பற்று முறையறியாது என்பதற்கு அதுவே சான்று. பிறந்த ஆண்டு 1960களில் ஆயின் அது புதினத்தின் பயன். தொடரின் காலத்தை ஒட்டியதாயின் திரையின் பயன் எனக் கொள்ள இடமுண்டு. ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் வட்டாரத்துப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் இவ்விரு பெயர்களும் ஆண்டோடு எழுதப்பட்டுள்ளன. அவற்றைத் தொகுக்க டெக் வேண்டா. ஒரு மாணவரும் சில திங்களும் போதும்.